பவளப்பாறையின் மதிப்பும் அதைக் காப்பதன் மதிப்பும்: பொனேர் தீவை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஏதோ ஒரு தீவின் கடற்சூழலுக்கு ஆண்டுக்கு இத்தனை கோடி டாலர் மதிப்பு என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. படிப்பவர்களில் ஒரு சாரார், கடலுக்குமா விலை போடுவது என்று முகம் சுளிக்கிறார்கள். மறு சாரார், அந்தத் தொகை ஏதோ ஒரு கருவூலத்தில் வந்து விழுவதாக எண்ணிக்கொண்டு, அப்படியானால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்கிறார்கள். இரண்டுமே அந்த எண்ணைத் தவறாகப் படிப்பதால் வருபவை. இவற்றைவிடப் பெரிய குழப்பம் ஒன்றும் உண்டு. கடலின் மதிப்பும் கடலைக் காப்பதன் மதிப்பும் ஒன்றே என்று கொள்வதுதான் அது. கடலைக் காக்க வேண்டும் என்று வாதாடுபவர்களே இந்தக் குழப்பத்தை அதிகம் பரப்புகிறார்கள் என்பது வேடிக்கை.

இதைத் தெளிவாக்க, கரீபியக் கடலின் தென்பகுதியில், வெனிசுவேலாவின் கரைக்கு வடக்கே இருக்கும் பொனேர் என்ற சிறு தீவை எடுத்துக்கொள்ளலாம். அதன் பரப்பு 288 சதுர கிலோமீட்டர். 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருந்துவருகிறது. தன் கடலைக் காப்பதற்கான வரவுசெலவை இவ்வளவு வெளிப்படையாகப் போட்டுப் பார்த்த தீவுகள் மிகச் சிலவே. ஆனாலும் பவளப்பாறைக்குள் இறங்குவதற்கு முன்னால், நமக்குப் பழகிய ஒரு நீர்நிலையின் கரையில் சற்று நின்றுவிட்டுப் போவது நல்லது.

ஏரிக் கணக்கு

100 ஏக்கர் ஆயக்கட்டு உள்ள ஏரி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மடையைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. விளையும் நெல்லுக்குச் சந்தையில் விலை இருக்கிறது. மீன் பாசிக் குத்தகை ஆண்டுதோறும் ஏலம் போகிறது. அதற்கும் ஊராட்சியில் கணக்கு இருக்கிறது. ஆனால் ஏரியில் தண்ணீர் நிற்பதால் சுற்றிலும் உள்ள கிணறுகளில் ஊற்று வற்றாமல் இருக்கிறதே, அதற்கு யாரும் ரசீது எழுதுவதில்லை. ஏரி வறண்டு, ஆளுக்கு ஆள் ஆழ்துளைக் கிணறு போடக் கடன் வாங்கும் ஆண்டில்தான் அந்த ஊற்றின் அருமை ரூபாயில் தெரியவருகிறது.

இப்போது கரை நலிந்துவிட்டது, செப்பனிட 5 லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். செலவு தகுமா? ஏரியால் ஊருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் வரவு, ஆகவே தாராளமாகச் செலவழிக்கலாம் என்று சொல்வது சரியான விடை ஆகாது. செப்பனிடாவிட்டால் இந்த 50 லட்சத்தில் எவ்வளவு குறையும் என்றுதான் கேட்க வேண்டும். கரை உடைந்து எல்லாமே போய்விடும் என்றால், காப்பதன் மதிப்பு ஆண்டுக்கு 50 லட்சம். கொஞ்சம் கசியும், 2 லட்சம்தான் இழப்பு என்றால், காப்பதன் மதிப்பு ஆண்டுக்கு 2 லட்சம். போட்ட 5 லட்சம் மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடும். ஏரி அதே ஏரிதான், அதன் மொத்த மதிப்பும் மாறவில்லை. ஆனால் காப்பதன் மதிப்பு ஆபத்தின் அளவுக்கேற்ப மாறுகிறது.

இந்த ஏரியில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன: சந்தையில் விலை உள்ள பயன், விலை இல்லாத பயன், காப்பதால் மிஞ்சும் வித்தியாசம். இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பொனேருக்குப் போகலாம்.

விலை தெரிந்த பயன்

பொனேரின் மேற்குக் கரைச் சாலையில் வண்டியில் போனால், ஓரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். அங்கே கரையிலிருந்தே கடலில் இறங்கி முக்குளிக்கலாம் என்பதற்கு அந்தக் கல்தான் அடையாளம். பல இடங்களில் படகு தேவையில்லை. வாடகை வண்டியின் பின்புறத்திலிருந்து காற்று உருளையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு, நடந்தே நீருக்குள் போய்விடலாம். சிறிது தொலைவு நீந்தினால் பவளப்பாறையின் சரிவு வந்துவிடும். இந்த வசதிக்காகவே அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். விடுதி, உணவகம், உருளை நிரப்பும் கடை, வண்டி வாடகை என்று அவர்களுடைய பணம் தீவில் இறங்குகிறது.

இப்படிக் கடலை நேராகப் பயன்படுத்துவதால் கிடைப்பதை நேரடிப் பயன்மதிப்பு என்பார்கள். மீன்பிடிப்பும் சுற்றுலாவும் இதில் அடங்கும். 1991 ஆம் ஆண்டில் சுமார் 17,000 முக்குளிப்பாளர்கள் பொனேருக்கு வந்தார்கள் என்றும், அந்தத் தொழிலின் மொத்த வருவாய் 2 கோடியே 32 லட்சம் டாலர் என்றும் 1993 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மொத்த வருவாய் என்பது தீவில் தங்கும் பணம் அன்று. விடுதியின் உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் லாபம் அங்கே போகும். உணவகத்தில் பரிமாறும் கோழியும் தக்காளியும் கப்பலில் வந்தவை என்றால் அவற்றுக்கான பணமும் கப்பலேறிவிடும். உள்ளே வந்த பணம் இப்படி வெளியேறுவதற்குக் கசிவு என்று பெயர். சிறு தீவுகளில் ஏறக்குறைய எல்லாப் பொருளும் இறக்குமதிதான் என்பதால் கசிவும் அதிகம். சுற்றுலா வருவாயைப் பற்றிய பெரிய எண் எதைப் பார்த்தாலும், அது கசிவுக்கு முன்பா பின்பா என்று முதலில் கேட்டுவிடுவது உத்தமம்.

ரசீது இல்லாத பயன்

கிளிமீன் என்று ஒரு மீன் உண்டு; வாய் கிளியின் மூக்கைப் போல இருப்பதால் அந்தப் பெயர். பவளப்பாறையின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பதே அதற்கு நாள் முழுவதும் வேலை. பவளம் என்பது உயிருள்ள நுண்ணிய விலங்குகளின் கூட்டம். அவை கட்டும் சுண்ணாம்புக் கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் பாறை வளர்கிறது. பாசி மூடிவிட்டால் அந்த உயிர்கள் வெளிச்சம் கிடைக்காமல் நலியும். புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடமும் இருக்காது. ஆக, சட்டியில் விழும் கிளிமீனுக்குக் கிலோ கணக்கில் விலை உண்டு. பாறையைத் துப்புரவாக வைத்திருக்கும் கிளிமீனுக்கு எந்தச் சந்தையிலும் விலை இல்லை. பொனேர் 2010 இல் கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்தது. மீன் மேல் வந்த கருணை என்று இதைச் சொல்ல மாட்டேன். சட்டியின் விலையையும் துப்புரவின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு அது.

இவ்வாறு நாம் நேராகத் தொடாமலே கிடைப்பது மறைமுகப் பயன்மதிப்பு. ஏரிக்குக் கிணற்று ஊற்றைப் போல. இதில் மிகப் பெரியது அலையைத் தடுக்கும் வேலை. ஆழ்கடலிலிருந்து வரும் அலை பவளப்பாறையின் முகட்டில் மோதி உடைந்து, வலுவிழந்துதான் கரைக்கு வருகிறது. பல கடல்களில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, பவளப்பாறைகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைக் குறைத்துவிடுவதாகக் காட்டியது. அதே வேலையைக் கருங்கல்லும் சிமெண்டும் கொட்டிச் செய்வதானால் என்ன செலவாகும் என்று பார்ப்பது, இந்தப் பயனுக்கு மதிப்பு போடும் ஒரு வழி.

இதற்குச் சான்று தேடிக் கரீபியன் வரை போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 சிறு தீவுகள் இருந்தன. நம் மீனவர்கள் பார் என்று சொல்லும் பாறைகள் அவற்றைச் சூழ்ந்திருந்தன. அந்தப் பவளத்தை வெட்டி எடுத்துக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். வெட்டிய ஒவ்வொரு படகுச் சுமைக்கும் விலை கிடைத்தது. பாறை போனபின் தீவின் மணலை அலை அரித்துக்கொண்டு போனதற்கு யாரும் யாருக்கும் பணம் தரவில்லை. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகளும் இப்போது கடலுக்கு அடியில் இருக்கின்றன. தூத்துக்குடிக்கு அருகே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பதற்காகச் செயற்கைப் பாறை அமைப்புகளைச் செய்து கடலில் இறக்க வேண்டியதாயிற்று. சும்மா கிடைத்த ஒன்றை அழித்துவிட்டு, அதன் நகலுக்குச் செலவு செய்கிறோம். மறைமுகப் பயன்மதிப்புக்கு இதைவிடத் தெளிவான ரசீது கிடைக்காது.

பயன்படுத்தாதவர்களின் கணக்கு

பொனேருக்கு எதிரே மக்கள் வாழாத குட்டித் தீவு ஒன்று இருக்கிறது. சின்னப் பொனேர் என்ற பொருளில் க்ளைன் பொனேர் என்று பெயர். 1868 முதல் தனியார் கையில் இருந்த அது, 1999 இல் பொதுமக்களின் முயற்சியால் மீட்கப்பட்டு, கட்டடம் எழும்பாமல் காக்கப்பட்டது. இன்று விடுதி கட்டாவிட்டால் நாளை எப்படிப் பயன்படுத்துவது என்பதை நாளை முடிவு செய்துகொள்ளலாம். கட்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். வாய்ப்பைத் திறந்து வைத்திருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அதை விருப்பவாய்ப்பு மதிப்பு என்பார்கள். பாட்டனார் நிலத்தை விற்காமல் போட்டுவைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது புதிதாக விளக்க வேண்டிய விஷயமே இல்லை.

இன்னும் ஒன்று, இருப்பு மதிப்பு. ஒருபோதும் அந்தத் தீவுக்குப் போகாத ஒருவர், அந்தப் பவளப்பாறை உலகில் இருக்க வேண்டும் என்பதற்காகவே சிறு தொகை தர முன்வந்தால், அந்தத் தொகை அவரைப் பொறுத்தவரை அதன் இருப்பு மதிப்பு. இதை எப்படித் தெரிந்துகொள்வது? நேரடியாகக் கேட்டுத்தான். எவ்வளவு தரத் தயார் என்று பலரிடம் கேட்டு, விடைகளைத் தொகுத்துப் பெறுவதைச் செலுத்த விரும்பும் தொகை என்று அழைக்கிறார்கள்.

கேட்டால் யாரும் தாராளமாகச் சொல்லிவிடுவார்களே என்ற ஐயம் நியாயமானது. அதனால்தான் பொனேரில் நடந்தது சுவையானது. கேட்கப்பட்டவர்கள் கடலைப் பயன்படுத்துபவர்களே ஆனாலும் கேட்ட முறை இதேதான். முக்குளிப்பாளர்களிடம், தீவைச் சுற்றிப் பாதுகாக்கப்படும் கடற்பகுதியான கடல் பூங்காவுக்காக ஆண்டுக்கு 10 டாலர் கட்டணம் தருவீர்களா என்று கேட்டபோது, 92 விழுக்காட்டினர் தருவோம் என்றார்கள். 20 டாலர் என்றதும் அது 80 ஆனது. 30 டாலருக்கு 48. 50 டாலருக்கு 16. சராசரியாகப் பார்த்தால் ஒருவர் தர விரும்பியது 27 டாலர் 40 சென்ட். தொகை ஏற ஏறக் கைகள் இறங்குகின்றன என்பதே, மனிதர்கள் ஓரளவுக்கு யோசித்துத்தான் விடை சொல்கிறார்கள் என்பதற்கு அடையாளம். 1992 இல் கட்டணம் 10 டாலர் என்று வைத்தார்கள். அது 2005 இல் 25 ஆகவும், 2019 இல் 45 ஆகவும் உயர்ந்தது. வாயால் சொன்னது வெறும் வார்த்தை அல்ல என்று பின்னர் கையால் கட்டியே காட்டிவிட்டார்கள்.

ஆக, சுற்றுலாவும் மீனும் நேரடிப் பயன்; பாசி சுரண்டுவதும் அலை தடுப்பதும் மறைமுகப் பயன்; நாளைய வாய்ப்பும் வெறும் இருப்பும் பயன்படுத்தாமலே உள்ள மதிப்பு. இவை எல்லாவற்றையும் கூட்டி வருவதை மொத்தப் பொருளாதார மதிப்பு என்று சொல்கிறார்கள். இந்தக் கூட்டுத்தொகையின் ஒரு பகுதிதான் ரொக்கம். மீதி தவிர்க்கப்பட்ட செலவும், மக்கள் மனத்தில் உள்ள மதிப்பும். கருவூலத்தில் தேடினால் கிடைக்காததன் காரணம் இதுவே.

காப்பதற்கு ஆகும் செலவு

பொனேர் தன்னைச் சுற்றியுள்ள கடலை, கரையில் நீர் ஏறும் உயர்ந்த எல்லையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, 1979 இல் கடல் பூங்காவாக்கியது. தொடக்கப் பணத்தைக் கொடையாளர்கள் தந்தார்கள். அந்தப் பணம் தீர்ந்ததும் சில ஆண்டுகள் பூங்கா பெயரளவில் மட்டும் இருந்தது. சட்டம் உண்டு, காவலுக்கு ஆளில்லை. இத்தகையவற்றைக் காகிதப் பூங்கா என்று கேலியாகச் சொல்வார்கள். 1991 இல் மீண்டும் உயிர்கொடுத்து, மறு ஆண்டு கட்டணத்தை ஏற்படுத்திய பிறகே அது நிலைத்தது. பூங்காவை ஏற்படுத்த ஆன செலவு சுமார் 5,18,000 டாலர், ஆண்டுதோறும் நடத்த ஆகும் செலவு சுமார் 1,50,000 டாலர் என்று மேலே சொன்ன 1993 ஆய்வு கணக்கிட்டது. 17,000 பேர் 10 டாலர் வீதம் கட்டினால் 1,70,000 டாலர். வாய்க்கும் கைக்கும் சரியாக இருக்கிறது.

இந்தப் பணத்தில் செய்தவை பகட்டானவை அல்ல. ஒரு படகு நங்கூரம் போட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் பவளக் குன்று ஒரே நொடியில் உடையும். அதனால் முக்குளிக்கும் இடங்களில் நிலையான மிதவைகளைக் கட்டி, படகுகள் அவற்றில்தான் கயிறு மாட்ட வேண்டும் என்றார்கள். முக்குளிப்பவர் கையுறை அணியவும் தடை. இது எனக்கு மிகவும் பிடித்த விதி. வெறுங்கையோடு இருப்பவர் பாறையைத் தொடத் தயங்குவார். கையுறை போட்டவர் தயங்காமல் பிடித்துக்கொள்வார். புதிதாக வருபவர் முதலில் ஒரு சோதனை முக்குளிப்பை முடித்த பிறகே மற்ற இடங்களுக்குப் போகலாம்.

வித்தியாசம்தான் மதிப்பு

இப்போது தலைப்புக்கு வருவோம். பொனேரின் இயற்கைச் சூழல் முழுவதற்கும், அதாவது கடலோடு நிலத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு 10 கோடியே 50 லட்சம் டாலர் மொத்தப் பொருளாதார மதிப்பு என்று 2010களின் தொடக்கத்தில் நடந்த விரிவான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. செய்திகளில் அடிபட்டது இந்த எண்தான். ஆனால் அதே ஆய்வில் இதைவிட முக்கியமான இரண்டு எண்கள் இருந்தன. தீவின் இயற்கைக்கு உள்ள அச்சுறுத்தல்களை அப்படியே விட்டுவிட்டால், இந்த மதிப்பு 10 ஆண்டுகளில் சுமார் 6 கோடியாகவும், 30 ஆண்டுகளில் 4 கோடிக்கும் கீழாகவும் சரியும் என்பவை அவை.

காப்பதன் மதிப்பு இந்தச் சரிவில்தான் இருக்கிறது. பத்தாம் ஆண்டில் அது 4 கோடியே 50 லட்சம் டாலர். முப்பதாம் ஆண்டில் ஆறரைக் கோடிக்கும் மேல். ஒன்றும் செய்யாவிட்டாலும் ஒரு பகுதி மதிப்பு தங்கும் என்பதால், அந்தப் பகுதியைப் பாதுகாப்பின் பெயரில் வரவு வைக்கக் கூடாது. அதுபோலவே, எவ்வளவு காத்தாலும் சில இழப்புகள் நேரத்தான் செய்யும். அவற்றையும் கழித்தாக வேண்டும். முழு 10 கோடியையும் எடுத்து வைத்து வாதாடுவது, கேட்பவரை ஒரு முறை வியக்க வைக்கும். கணக்குத் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்தால் அடுத்த நொடியே வாதம் கவிழும். வித்தியாசத்தை எடுத்துச் சொல்வது சிறிய எண்ணாகத் தோன்றினாலும் அது நிற்கும்.

எத்தனை பேர் இறங்கலாம்?

கட்டணம் வருகிறது என்பதற்காக ஆட்களை வரம்பின்றி அனுமதித்தால், வருமானத்தைத் தரும் பாறையே தேய்ந்துவிடும். ஓர் இடம் கெடாமல் தாங்கக்கூடிய பயன்பாட்டின் அளவைத் தாங்குதிறன் என்பர். பொனேரில் ஓரிடத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முக்குளிப்புகளுக்கு மேல் போனால் பவளத்தின் பரப்பு குறையத் தொடங்குவதாக 1993 ஆய்வு கண்டது. நாளொன்றுக்கு வகுத்தால் 11 முதல் 16 பேர். ஒரு சிற்றுந்தில் அடங்கிவிடும் கூட்டம்தான். கரை நெடுகப் பல இடங்களில் மஞ்சள் கற்களை வைத்து ஆட்களைப் பரப்பி விடுவது, அழகுக்காக மட்டும் செய்தது அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

கட்டணம் எட்டாத இடங்கள்

முக்குளிப்பாளரிடம் கட்டணம் வாங்கலாம். பாறையைக் கெடுப்பவர் எல்லாரும் முக்குளிப்பாளர் இல்லையே. கரையோர விடுதிகளின் கழிவுநீர் நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் தரையின் வழியே கசிந்து கடலில் கலந்து பாசியை வளர்க்கிறது. கட்டின்றித் திரியும் ஆடுகள் செடிகளை மேய்ந்துவிடுவதால், மழையில் மண் கரைந்து கடலுக்கு வந்து பவளத்தின் மேல் படிகிறது. ஆட்டுக்காரருக்கு இறைச்சியின் விலை கிடைக்கிறது. மண் படிந்ததன் நட்டம் படகுக்காரர் தலையில். ஒருவர் செய்வதன் விளைவு விலையில் ஏறாமல் வேறொருவர் மேல் விழுவதைப் புறவிளைவு என்கிறோம். கடல் பாதுகாப்புச் செலவில் ஒரு பங்கைக் கடலுக்கு வெளியே, கழிவுநீர் நிலையத்திலும் ஆட்டு வேலியிலும் செலவிட வேண்டியிருப்பது இதனால்தான்.

தீவு தன் கையால் தடுக்க இயலாதவையும் இருக்கின்றன. கடல் சூடேறும்போது பவளம் வெளிறுகிறது. பவளத் திசுவை அழிக்கும் நோய் ஒன்று கரீபியனின் மற்றத் தீவுகளைத் தாண்டி 2023 இல் பொனேருக்கும் வந்துவிட்டது. முக்குளிப்பாளர்கள் தங்கள் உடைகளையும் கருவிகளையும் கிருமிநாசினியில் கழுவ வேண்டியதாயிற்று. இதுபோன்ற இழப்பை உள்ளூர்ப் பூங்காவின் தோல்வி என்று எழுதினால் கணக்கு தவறும். காவல் இல்லாமலிருந்தால் இழப்பு இதைவிட எவ்வளவு கூடியிருக்கும் என்பதே பூங்காவின் பக்கத்தில் எழுத வேண்டியது.

பொனேர் கணக்கை அப்படியே பெயர்த்தெடுக்கலாமா?

பொனேரைப் பார்த்துவிட்டு, மன்னார் வளைகுடாவிலும் கட்டணம் வைத்தால் போதுமே என்று சொல்பவர்கள் உண்டு. 1986 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுகளில் பொதுமக்கள் விருப்பம்போல் இறங்க முடியாது. கண்ணாடி அடிப்பகுதி கொண்ட படகுகளில் சிலர் சென்று பார்த்து வருவதோடு சுற்றுலா பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அங்கே மீன்பிடித்தும் கடற்பாசி எடுத்தும் பிழைக்கும் கரையோர ஊர்கள் ஏராளம். எனவே அங்கே பேரேட்டில் சுற்றுலாப் பத்தி சிறியது. மீன் பத்தியும் அலை தடுக்கும் பத்தியும் பெரியவை. பவளப்பாறையைக் காப்பதால் பயன்பெறுபவர், முகப்பில் நின்று சீட்டு வாங்கும் வெளியூர்ப் பயணி அல்லர், கரையில் வலை உலர்த்துபவர். அவரிடம் 45 டாலர் வசூலிக்க முடியாது, வசூலிக்கவும் கூடாது. பாசி எடுக்கவும் வலை போடவும் தடை வரும் நாட்களில் வருமானத்தை விட்டுக்கொடுப்பவரும் அவர்தான். ஆகவே பொனேரில் வரவுப் பக்கம் இருக்கும் ஆள், இங்கே பெரும்பாலும் செலவுப் பக்கத்தில் நிற்கிறார்.